பூஜைக்குத் துடைத்த மெயில் பெட்டி

கம்பெனி மலருக்கு என்னிடம் பத்து வரி கேட்டார்கள். சர்வர் அறையைக் காலி செய்கிறார்கள். இனி கம்பெனியின் மெயில் எல்லாம் வெளியே எங்கோ வாடகை இடத்தில் இருக்குமாம். அந்த அறையில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவள் என்பதால் என் ஞாபகம் வந்திருக்கிறது. "மேடம், கொஞ்சம் பாசிட்டிவா எழுதிக் குடுங்க" என்றாள் போனில் பேசிய பெண். பாசிட்டிவாகவே எழுதி அனுப்பினேன். அனுப்பியதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஹாலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். என் வீட்டுக்காரர் டேனியல் பேப்பரை மடித்து வைத்தார்.

"இன்னா எஸ்தரு, வூட்டுக்குள்ளயே ரவுண்டு அடிச்சிகினு கீற? மன்சுல எதுனா இருந்தா குந்தி எழுது. என் தலய சுத்த வைக்காத."

உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பத்து வரியில் வராததை எழுதுகிறேன்.

செய்யூர் பக்கம் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கப் போனவர்கள். சர்ச் பள்ளிக்கூடம், பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா, பிறகு செங்கல்பட்டுக்கு வெளியே பம்பும் தெளிப்பானும் செய்யும் ஒரு கம்பெனியில் டேட்டா என்ட்ரி வேலை. இதை இழுத்துச் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. கம்பெனிக்கு முதல் மெயில் சர்வர் வந்தபோது ஆம்பிளைகள் எல்லாம் அதைத் தொடப் பயந்து தள்ளி நின்றார்கள். கையேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு நான் தொட்டேன். அன்றிலிருந்து அது என் தலையில்தான்.

ஒரு வருஷம் மழையில் ஆபீசுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மெயில்களின் நகல் இருக்கும் ஏழு பேக்கப் டேப்புகளையும் அரிசிப் பையில் போட்டு, தலையில் வைத்து மெயின் ரோடு வரை நடந்தேன். ஒரு மெயில்கூடத் தொலையவில்லை. அதற்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் திமிர் ஏறிவிட்டது. "என் சர்வர்ல எதுவும் காணாம போகாது" என்று கேன்டீனில் உட்கார்ந்து சொல்வேன். சும்மா சொல்லக் கூடாது, உண்மையாகவும் இருந்தது.

இப்போது எங்கள் ஆயுத பூஜையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் சபைக்குப் போகிறவள். சர்வர் இருக்கும் ராக்கில் சந்தனமும் குங்குமமும் வைப்பது எலக்ட்ரிஷியனின் வேலை, சுத்தம் செய்வது என் வேலை. ஒர்க் ஷாப்பில் மிஷின்களுக்கு எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பார்கள். ஸ்டோரில் உடைந்த சாமானை வெளியே தள்ளுவார்கள். அப்படியே நானும் பூஜைக்கு முன்தினம் ஒயர்களை எல்லாம் கட்டி, விசிறித் தூசியை ஊதி, கடைசியாக சர்வரின் உள்ளேயும் சுத்தம் செய்வேன். அந்த வருஷம் வேலையை விட்டுப் போனவர்களின் பட்டியலை ஹெச்.ஆர். என்கிற ஆள் பிரிவிலிருந்து வாங்கி, ஒவ்வொருவரின் மெயில் பெட்டியாக அழிப்பேன். போனவர்கள் பெட்டி தொண்ணூறு நாளில் தானாக அழியும் என்று கம்பெனி விதிப் புத்தகத்தில் இருந்தது. அந்த ஏற்பாட்டை யாரும் ஓட விட்டதே இல்லை. எங்களுக்கு விதி என்றால் ஆயுத பூஜைதான். அழித்து முடித்து, டேப்பில் புதிதாகப் பதிந்து, பொரியும் கடலையும் தின்றுவிட்டு வீட்டுக்குப் போவோம். அதை அழிப்பு என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. அது சுத்தம்.

பொரி தின்ன எங்கள் அறைக்குத் தவறாமல் வருகிறவன் குமரேசன். டிசைன் பிரிவில் டெக்னீஷியன். மாமல்லபுரத்துப் பையன், அண்ணன் கல் சிற்பி. கல் அறுக்கும்போது கிளம்பும் தூசியால் அண்ணனுக்கு விடாத இருமல். அதைப் பார்த்துப் பார்த்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் ஒன்று செய்தான். கல் வெட்டும் மேஜை மிஷினில் பொருத்துகிற கருவி. பிளேடு கல்லில் பதியும்போது மட்டும் பனி மாதிரி தண்ணீர் தெளித்துத் தூசியை அமுக்கும், பிளேடை எடுத்தால் தானாக நின்றுவிடும். போட்டோக்களும் வரைபடமும் வைத்து, கம்பெனி இதைச் செய்யலாமா என்று சீஃப் இன்ஜினியருக்கு மெயில் போட்டான். பதில் வந்த அன்று தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம்தான் வந்தான்.

"பாருங்கக்கா, இன்னா எழுதிகிறாருன்னு."

பார்த்தேன். உங்கள் யோசனை நன்று, ஆனால் இது நமக்கு வியாபாரம் இல்லை, உங்கள் சொந்த முயற்சியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று இங்கிலீஷில் மூன்று வரி. "அவருக்கு வேணாம்னா போவட்டும், நீ செய்டா" என்றேன்.

இரண்டு வருஷம் கழித்து அதே கருவிக்குக் கம்பெனி காப்புரிமை வாங்கியது. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் சீஃப் இன்ஜினியர் பெயர். குமரேசன் ராஜினாமா எழுதிக் கொடுத்தான். லேப்டாப்பைப் பிடுங்கி வைத்துக்கொண்டுதான் வெளியே விட்டார்கள். ஆபீஸ் மெயிலை வெளியே அனுப்பக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்ததால் அவன் கையில் நகலும் இல்லை. மாமல்லபுரத்தில் கல் பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு ஷெட் பிடித்து, இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு அந்தக் கருவியைச் செய்து விற்க ஆரம்பித்தான். நன்றாகவே ஓடியது. ஓடியதுதான் தப்பாகப் போயிற்று. எங்கள் பேட்டன்ட்டை மீறுகிறாய் என்று கம்பெனியிலிருந்து அவனுக்கு நோட்டீஸ் போனது.

அவன் வக்கீல் பதில் நோட்டீஸ் அனுப்பினார். இந்தக் கருவி குமரேசனுடையது, வேண்டாம் என்று உங்கள் சீஃப் இன்ஜினியரே மெயில் எழுதியிருக்கிறார், அந்த மெயிலையும் அது சம்பந்தமான எதையும் அழிக்காமல் வைத்திருங்கள் என்று. அந்தக் கடிதம் நான் பூஜைச் சுத்தம் செய்த நாளுக்குப் பதினோரு நாள் முன்னால் வந்தது. இந்தப் பதினோரு நாளை எத்தனை தரம் விரல் விட்டு எண்ணியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இங்கே வரதன் சாரைச் சொல்ல வேண்டும். என் மேனேஜர். இருபது வருஷம் அவருக்குக் கீழே வேலை செய்தேன். குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. ரப்பர் ஷூ போட்டிருப்பார், வருவது காதில் விழாது. நிமிர்ந்தால் கதவு ஓரத்தில் சாய்ந்துகொண்டு நிற்பார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தபடி, "வீட்ல எல்லாம் சௌக்கியமா?" என்பார். அதைக் கேட்டதும் நான் கையிலிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிடுவேன். கஷ்டமான விஷயம் எதையும் அவர் மெயிலில் எழுதவே மாட்டார், நடந்து வந்து வாயால் சொல்லிவிட்டுப் போவார். கம்பெனியிலேயே ரொம்பச் சின்ன மெயில் பெட்டி அவருடையதுதான். அது சர்வர் பார்க்கிற எனக்குத்தான் தெரியும்.

அன்றும் வந்தார். சௌக்கியம் விசாரித்தார். "எஸ்தர், லீகல்ல ஒரு லெட்டர் வந்திருக்கு. தானா அழியறது ஏதாவது ஓடிக்கிட்டிருந்தா நிறுத்தி வையும்மா" என்றார். போனவர்கள் பெட்டிக்கு அல்ல, குப்பையில் தள்ளிய மெயில்களைத் தினமும் தானாக அழிக்கிற வேறோர் ஏற்பாடு ஓடிக்கொண்டிருந்தது. அப்போதே நிறுத்தினேன். கடிதத்தை அவர் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. என்ன லெட்டர், யார் மேல் என்று கேட்டிருந்தால்? கேட்கவில்லை. அவ்வளவுதான்.

பூஜைக்கு முன்தினம் வந்தது. ஆள் பிரிவிலிருந்து பட்டியல் வந்தது, பதினான்கு பேர். குமரேசன் பெயர் ஒன்பதாவது. "பாவம் பையன், இந்த வருஷம் பொரிக்கு வர மாட்டான்" என்று எலக்ட்ரிஷியனிடம் சொல்லிக்கொண்டே அவன் பெட்டியை அழித்தேன். சாயங்காலம் நாலு மணி. பிறகு வழக்கம்போல டேப்புகளிலும் பழையதன் மேலேயே புதிதாகப் பதிந்தேன். எவ்வளவு ஒழுங்கு பாருங்கள் எனக்கு! மிச்சம் மீதி வைக்காமல் துடைத்து எடுத்துவிட்டேன்.

கம்பெனி சென்னையில் வழக்குப் போட்டது. குமரேசன் பக்கத்திலிருந்து அவனுடைய மெயில் பெட்டியைக் கோர்ட்டில் கொண்டுவந்து காட்டச் சொன்னார்கள். சீஃப் இன்ஜினியரின் பெட்டியிலும் அந்த மெயில் இல்லை. அது எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது, தெரியாததை நான் சொல்ல மாட்டேன். குமரேசன் பெட்டி எப்படிப் போனது என்று எனக்கு நன்றாகத் தெரியும். எதற்காகக் கேட்கிறார்கள் என்று தெரிந்த அன்று நானே வரதன் சார் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"யாருக்காவது இதை எழுதினியா?"

"இல்ல சார்."

"எழுதாதே."

இரண்டு நாள் கழித்துக் கம்பெனி வக்கீல் ஒரு பிரமாணப் பத்திரத்தோடு வந்தார். சர்வர் பொறுப்பாளர் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட வேண்டியது. வேலையை விட்டவர்களின் பெட்டிகள் கம்பெனி விதிப்படி தொண்ணூறு நாளில் தானாக அழியும், குமரேசனின் பெட்டியும் அப்படியே அவன் வக்கீலின் நோட்டீஸ் வருவதற்கு முன்பே அழிந்துவிட்டது என்று அதில் இருந்தது. ஒரு வரி விடாமல் படித்தேன்.

"சார், இது அப்படி இல்லியே" என்றேன்.

வக்கீல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வரதன் சார்தான் பேசினார், அதே மெதுவான குரலில். "அழிக்காதேன்னு லெட்டர் வந்த பிறகு அழிச்சது யாரு? கம்பெனி இல்லம்மா, நீ. நான் நிறுத்தச் சொன்னேன், நீ அழிச்சே. கோர்ட்ல அப்படித்தான் வரும். இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ். யோசிச்சுக்கோ."

யோசித்தேன். வேலை போகும் என்ற பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிடப் பெரியதாக இன்னொன்று இருந்தது. என் சர்வரில் எதுவும் காணாமல் போகாது என்று ஊரெல்லாம் சொன்னவள் நான். என் கையாலேயே போக்கிவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தானாக அழிந்தது என்றால் யாருக்கும் வலிக்காது என்று நினைத்தேன். யாருக்கும் என்றால் எனக்கு. போட்டேன் கையெழுத்து. மூன்று பக்கம், மூன்று இடம்.

அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் கம்பெனி இடைக்காலத் தடை வாங்கியது. மெயில் இருந்தது என்பதற்கு குமரேசனிடம் வெறும் வாய்ச்சொல். கம்பெனியிடம் காப்புரிமைச் சான்றிதழும் என் கையெழுத்தும். கோர்ட்டு வேறென்ன செய்யும்? வழக்கு முடியும் வரை கருவியைச் செய்யவோ விற்கவோ கூடாது என்று உத்தரவாகிவிட்டது. ஷெட்டைப் பூட்டினான். வேலைக்கு இருந்த இருவரும் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார்கள். எங்கள் ஆபீஸில் யாரோ ஸ்வீட் கொடுத்தார்கள். என் டேபிளுக்கும் ஒரு மைசூர்பாகு வந்தது. பிசைந்து குப்பைக் கூடையில் போட்டேன். போட்டு என்ன பிரயோஜனம்?

எட்டு மாதம் அப்படியே ஓடியது. சாப்பாட்டில் உட்காருவேன், பாதியில் எழுந்து நடப்பேன். சபையில் பாட்டு நடக்கும்போது வெளியே வந்து செருப்புகளை எண்ணிக்கொண்டு நிற்பேன். டேனியலிடம் ஒரு நாள் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் திட்டவில்லை. "கோர்ட்டுல உன்னியக் கூப்டுவாங்கல்ல? அப்ப சொல்லு" என்றார். "சொன்னா ஜெயிலு" என்றேன். "சொல்லாட்டி மட்டும் இன்னாவா கீற இப்ப? கண்ணாடில பாத்தியா உன்ன?" என்று கேட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

கூப்பிட்டார்கள். கோர்ட்டு நியமித்த கமிஷனர் முன்னால், ஒரு சின்ன அறையில் சாட்சி விசாரணை. மேஜை, நாலு நாற்காலி, மூலையில் டைப் செய்கிற பெண். "ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க. நீட்டாதீங்க" என்று கம்பெனி வக்கீல் காரிலேயே பாடம் நடத்திவிட்டார். வரதன் சாரும் வந்திருந்தார். வாசலில் என்னைப் பார்த்ததும், "வீட்ல எல்லாம் சௌக்கியமா?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, மென்று முழுங்கினேன்.

குமரேசனின் வக்கீல் ஒரு பெண். பேர், ஊர், வேலை எல்லாம் கேட்டார். எத்தனை வருஷ சர்வீஸ் என்று கேட்டார். பிறகு ஃபைலை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்:

"உங்க சர்வர் ரூம்ல ஆயுத பூஜை உண்டாம்மா?"

கம்பெனி வக்கீல் துள்ளி எழுந்தார். "இதுக்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம்?"

"பதில் சொல்லட்டும், பார்க்கலாம்" என்றார் கமிஷனர்.

"உண்டு" என்றேன்.

"முன்தினம் சுத்தம் பண்ணுவீங்க இல்லையா?"

"ஆமா."

"எதையெல்லாம்?"

இது ஆமா இல்லை என்று சொல்லக்கூடிய கேள்வி இல்லை. குமரேசன் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தான். இந்தக் கேள்விக்கு வழி சொல்லிக் கொடுத்தவன் அவன்தான், எங்கள் பொரியைத் தின்றவன். என்னைப் பார்க்கவில்லை, தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனை கழுவினாலும் நகக்கண்ணில் கல் மாவு வெள்ளையாக நிற்கும் கை அது. அன்றைக்குச் சுத்தமாக இருந்தது. எட்டு மாதமாக அந்தக் கைக்கு வேலை இல்லை.

"ஒயரு, விசிறி, தரை" என்று ஆரம்பித்தேன். "அப்புறம், வேலைய விட்டுப் போனவங்களோட மெயில் பெட்டி. அந்த வருஷம் பதினாலு பேர். ஒன்பதாவது குமரேசன். தானா அழியல. நான் அழிச்சேன். லெட்டர் வந்து பதினோரு நாள் கழிச்சு."

"சாட்சிக்கு உடம்பு சரியில்லை" என்று கம்பெனி வக்கீல் சொன்னது காதில் விழுந்தது.

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றேன். கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன்.

கமிஷனர் கையைக் காட்டினார். "மெதுவா சொல்லுங்கம்மா, டைப் ஆகணும்."

அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. ஒரே மூச்சில் சொன்னால் ஒரு வேகத்தில் போய்விடும். ஒவ்வொரு வரியாகத் திருப்பிச் சொல்ல வேண்டும், அந்தப் பெண் தட்டி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும், பிறகு அடுத்த வரி. நான் அழித்தேன். எத்தனை மணிக்கு? நாலு மணிக்கு. பிரமாணப் பத்திரத்தில் எழுதியது? பொய். பொய் என்று தெரியுமா? தெரியும். அந்த மெயிலைக் கண்ணால் பார்த்ததுண்டா? பார்த்தேன். அதில் என்ன இருந்தது? அந்த மூன்று வரியையும் சொன்னேன். கம்பெனி வக்கீல் எழுந்து எழுந்து ஆட்சேபித்தார். அதையும் சேர்த்து டைப் செய்தார்கள். வரதன் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கோர்ட்டு தடையை விலக்கியது. சில மாதங்களில் கம்பெனி வழக்கையே திரும்ப வாங்கிக்கொண்டது. பொய்ப் பத்திரத்துக்காக நான் நீதிபதி முன் நின்று, எழுத்தில் மன்னிப்புக் கேட்டேன். கண்டித்து விட்டுவிட்டார். ஜெயில் இல்லை. என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். மிச்ச வருஷங்களைப் போல்ட்டும் நட்டும் எண்ணிக் கழித்து ரிட்டையர் ஆனேன். வரதன் சார் அதற்குப் பிறகு ஒரு நாளும் என்னிடம் சௌக்கியம் கேட்கவில்லை.

தடை நீங்கிய வாரமே செங்கல்பட்டில் பஸ் ஏறி மாமல்லபுரம் போனேன். நல்லது செய்துவிட்டோம் என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்தது. மறைப்பானேன், அவன் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்வான் என்றுகூட நினைத்திருந்தேன். ஷெட் திறந்திருந்தது. எட்டு மாதத் தூசியைத் தனியாளாகக் கழுவிக்கொண்டிருந்தான். பக்கத்துப் பட்டறைகளில் கல் அறுக்கிற சத்தம் காதைப் பிளந்தது. ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"குந்துங்கக்கா."

"வேணாம்பா. நிக்கிறேன்."

"கோர்ட்டுல சொன்னீங்க. சந்தோசம்" என்றான். கொஞ்ச நேரம் தரையைத் தேய்த்தான். பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு என் எதிரே வந்து நின்றான்.

"எட்டு மாசம் வூட்லயே குந்திகினு இருந்தேன்க்கா. ஒண்ணே ஒண்ணுதான் யோசிச்சிகினு இருந்தேன். கேக்கவா?"

"கேளு."

"அந்தப் பேப்பர்ல கையெழுத்து போட்டீங்களே, அப்ப என் மூஞ்சி உங்களுக்கு ஞாபகமே வரலியாக்கா?"

வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். பயத்தில் கண் மண் தெரியாமல் போட்டுவிட்டேன் என்றால் நம்பியிருப்பான். நம்புவதற்குத் தயாராகத்தான் நின்றான், அந்தப் பதிலை எனக்காகவே எட்டு மாதமாக எடுத்து வைத்திருந்தவன் போல.

"வந்துச்சுப்பா" என்றேன். "வந்தும் போட்டேன்."

தலையை மட்டும் ஆட்டினான். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.